வகுப்பறை ஆராய்ச்சியும் புது ஆசிரியரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் பி.எட். படிப்பவர்கள், தொடக்கக் கல்விப் பட்டயம் படிப்பவர்கள், வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடமே ஆன ஆசிரியர்கள், இவர்களுக்கு வழிகாட்டச் சொல்லப்படும் மூத்த ஆசிரியர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் என் சொந்த அபிப்பிராயமும் கலந்திருக்கும். ஒத்துப்போகாதவர்கள் தாராளமாக வேறு வழியில் செய்து பார்க்கலாம்.

செயலாராய்ச்சி என்பது என்ன? பி.எட்.டில் எழுதிச் சமர்ப்பிக்கிற அந்த ரெக்கார்டு நோட்டுதானா?

பெயர் அதுதான். ஆனால் பெரும்பாலான ரெக்கார்டுகளுக்குள் இருப்பது செயலும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை.

தன் வகுப்பில் தன்னை உறுத்துகிற ஒரு விஷயத்தை ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். அது உண்மையில் எப்படி நடக்கிறது என்று சில நாள் கவனித்துக் குறித்துவைக்கிறார். ஒரு மாற்றம் செய்கிறார். அப்புறம் மறுபடி கவனிக்கிறார். அவ்வளவுதான். குர்ட் லெவின் என்ற உளவியலாளர் 1946ல் எழுதிய கட்டுரையில் இந்த முறையைச் சமூகச் சிக்கல்களுக்காகச் சொன்னார். அமெரிக்காவில் ஸ்டீபன் கோரி 1953ல் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975ல் ஒரு படி மேலே போய், பாடத்திட்டம் நல்லதா இல்லையா என்று சோதிக்க வேண்டியவரே வகுப்பு ஆசிரியர்தான் என்று வாதாடினார். இந்த மூன்று பெயரும் தேர்வில் வரும். வகுப்பில் தேவைப்படுவது அவர்கள் சொன்ன வரிசை: முதலில் பார், பிறகு மாற்று, மறுபடி பார்.

நம் ரெக்கார்டுகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. தீர்வு முதலிலேயே முடிவாகிவிடுகிறது, ‘மின்னட்டைகள் மூலம் வாய்ப்பாட்டுத் திறனை மேம்படுத்துதல்’ என்கிற மாதிரி (மின்னட்டை என்றால் ஃபிளாஷ் கார்டு). வாய்ப்பாடு ஏன் வரவில்லை என்று யாரும் பார்க்கவில்லை. மின்னட்டை மட்டும் தயாராக இருக்கிறது.

வகுப்பைச் சமாளிக்கவே நேரம் போதவில்லை. இதில் ஆராய்ச்சி வேறு எதற்கு?

நியாயமான கேள்வி. புதிதாக வரும் ஆசிரியருக்குக் கிடைக்கிற பின்னூட்டம் எப்படி இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ‘கிளாஸ் கன்ட்ரோல் போதல’, ‘குரல் எட்டல’, ‘போர்டு நல்லா யூஸ் பண்ணுங்க’. இவை எல்லாம் ஆளைப் பற்றிய தீர்ப்புகள். கேட்டவர் வீட்டுக்குப் போய் வருத்தப்படலாம், மறுநாள் கொஞ்சம் சத்தமாகப் பேசலாம். வேறு எதுவும் செய்ய முடியாது.

வகுப்பிலிருந்து எடுத்த ஒரு சின்ன ஆதாரம் மேசையில் இருந்தால் பேச்சின் திசையே மாறுகிறது. எந்தப் பிள்ளை என்ன எழுதியது, யார் பதில் சொன்னார்கள், எந்த இடத்தில் எல்லோரும் முழித்தார்கள் என்று இருவரும் சேர்ந்து ஒரே தாளைப் பார்க்கிறார்கள். ஆசிரியர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. வகுப்பறை ஆராய்ச்சியால் புது ஆசிரியருக்குக் கிடைக்கும் பெரிய உதவி இதுதான் என்பது என் கட்சி. மதிப்பெண் கூடுவது அதற்கு அடுத்தபடி.

நேரத்தைப் பொறுத்தவரை, எப்படியும் திருத்தப்போகிற நோட்டுகளிலிருந்தே தரவை எடுங்கள். தனியாகத் தேர்வு வைக்க வேண்டிய அவசியம் பல சமயம் இல்லை. தொடக்கப் பள்ளியில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் வைத்திருக்கிறோம். அந்தப் பட்டியலே ஒரு தொடக்கம்.

தலைப்பு எப்படித் தேர்ந்தெடுப்பது?

தலைப்பைத் தேடாதீர்கள். எரிச்சல் எங்கே வருகிறது என்று பாருங்கள். ‘நேத்துதானே நடத்தினேன், அதுக்குள்ள மறந்துட்டாங்களே’ என்று தோன்றிய இடம் நல்ல இடம்.

பிறகு அதைச் சுருக்குங்கள். ‘மாணவர்களின் கணிதத் திறன்’ என்பது ஒரு பல்கலைக்கழகத் துறைக்கே பெரிய தலைப்பு. ‘ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 0.45ஐ 0.6ஐவிடப் பெரியது என்று ஏன் எழுதுகிறார்கள்?’ என்பது இரண்டு வாரத்தில் பார்க்கக்கூடிய கேள்வி. அதற்கான பதிலும் சுவாரசியமானது. 45 ஆறைவிடப் பெரியது என்ற முழு எண் பழக்கத்தைப் பிள்ளைகள் தசமத்துக்கும் அப்படியே கொண்டுவருகிறார்கள். இன்னொரு கூட்டம், இலக்கம் கூடினால் மதிப்பு குறையும் என்று நேர்மாறாக நம்புகிறது. 0.45, 0.6 என்று மட்டும் கேட்டால் இந்த இரண்டாவது கூட்டம் தப்பான காரணத்தோடு சரியான விடையைச் சொல்லி நழுவிவிடும். அதனால் 0.85, 0.6 என்றும் ஒரு ஜோடி கொடுக்க வேண்டும், ஏன் என்று ஒரு வரி எழுதவும் சொல்ல வேண்டும்.

ஒரு முழு உதாரணம் சொல்ல முடியுமா?

தமிழ்ப் பாடத்திலிருந்தே எடுப்போம். மயங்கொலிப் பிழை நம் பக்கம் அதிகம் எழுதப்படும் தலைப்பு. அநேகமாக எல்லா ரெக்கார்டிலும் ஒரே கதைதான்: சொல்லட்டை காட்டினேன், பிழை குறைந்தது.

ஆறாம் வகுப்புக்குச் சொல்வதெழுதுதல் வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருபது சொல். திருத்தும்போது இருபதுக்கு எத்தனை என்று போடுவதோடு நிறுத்தாதீர்கள். ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு, ர-ற ஒன்று, ல-ள-ழ ஒன்று, ந-ன-ண ஒன்று என்று வைத்து, தப்பான சொல்லை அப்படியே, பிள்ளை எழுதிய எழுத்திலேயே, அந்தந்தக் கட்டத்தில் எழுதுங்கள். அரை மணி நேர வேலை. அதற்குப் பிறகு பார்த்தால் ‘எழுத்துப்பிழை’ என்று ஒரே பெயரில் அழைத்தது பல வேறு சிக்கல்கள் என்று தெரியும்.

‘வன்டி’, ‘நன்டு’, ‘கண்று’ என்று எழுதியிருந்தால் அது விதியால் தீரும். தமிழ்ச் சொல்லில் டகரத்துக்கு முன் ண், றகரத்துக்கு முன் ன், தகரத்துக்கு முன் ந். ஒரு பாடவேளையில் சொல்லிக் கொடுத்து, பிள்ளைகளையே பாடப்புத்தகத்தில் உதாரணம் தேடச் சொன்னால் போதும். ‘காற்று’ என்பதில் ரகரம் போடுகிற பிள்ளைக்கும் அப்படித்தான். ரகரம் இரட்டிக்காது என்ற ஒரே விதி அந்த இனத்துப் பிழையைப் பெரும்பாலும் முடித்துவிடும்.

ஆனால் மனம்-மணம், பனி-பணி, கரை-கறை மாறியிருந்தால் எந்த விதியும் உதவாது. இரண்டுமே சரியான சொற்கள். பொருளோடு வாக்கியத்தில் பார்த்தால்தான் வரும். தனிச்சொல்லாகச் சொல்வதெழுதுதல் வைத்ததே தப்பு என்று அப்போது உறைக்கும். ‘பணி’ என்று நீங்கள் சொன்னது ‘பனி’ என்று காதில் விழுந்திருந்தால் பிள்ளை என்ன செய்யும்?

மூன்றாவது வகை இன்னும் வேடிக்கை. தமிழ், மழை, பழம் எல்லாம் சரியாக எழுதும் பிள்ளை உழவு, ஆழம், கீழே என்று வரும்போது தடுமாறும். ழகரம் உச்சரிக்க வராததுதான் காரணம் என்றால் மழையும் தப்பாகியிருக்க வேண்டுமே! அந்தப் பிள்ளை சொல்லின் உருவத்தை வைத்து எழுதுகிறது. அடிக்கடி பார்த்த சொல் கைக்கு வந்துவிட்டது. பார்க்காத சொல் வரவில்லை. இதற்கு நாக்கை மடிக்கும் பயிற்சியைவிட வாசிப்புதான் உதவும். வகுப்பு நூலகத்திலிருந்து தினம் ஒரு பக்கம் படிக்கச் சொல்லி, அதில் வரும் ழகரச் சொற்களைப் பொறுக்கி எழுதச் சொல்லலாம்.

ஆக, ஒரே சொல்லட்டையை நாற்பது பேருக்கும் காட்டியிருந்தால் சிலருக்கு மட்டும் பலித்திருக்கும். யாருக்கு, ஏன் என்று தெரிந்திருக்காது. இரண்டு மூன்று வாரம் கழித்து வேறு இருபது சொற்களை, அதே மூன்று வகையும் வரும்படி, இந்த முறை வாக்கியங்களுக்குள் வைத்துக் கொடுங்கள். பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்து எந்தக் கட்டம் காலியாகியிருக்கிறது, எது அப்படியே நிற்கிறது என்று பாருங்கள். வாக்கியத்துக்குள் வைத்ததாலேயே சில பிழை குறைந்திருக்கும் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

முன்தேர்வு, பின்தேர்வு, டி-மதிப்பு எல்லாம் இல்லாமல் ரெக்கார்டு ஏற்றுக்கொள்வார்களா?

உங்கள் கல்லூரி கேட்டால் போட்டுக் கொடுங்கள், சண்டை வேண்டாம். ஆனால் அது எதைக் காட்டுகிறது என்று தெரிந்து போடுங்கள். ஒரு பாடத்தை நடத்துவதற்கு முன் ஒரு தேர்வு, நடத்திய பின் ஒரு தேர்வு வைத்தால் மதிப்பெண் கூடத்தான் செய்யும். எந்த முறையில் நடத்தியிருந்தாலும் கூடியிருக்கும். டி-மதிப்பு என்பது இரண்டு சராசரிக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்கும் புள்ளியியல் கணக்கு. அது ‘குறிப்பிடத்தக்கது’ என்று வருவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இன்னொரு பொறியும் உண்டு. முதல் தேர்வில் கடைசியாக வந்த பத்துப் பேரை ‘மெல்லக் கற்போர்’ என்று பிரித்தெடுத்து, அவர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்து, மறுபடி தேர்வு வைப்பது. அந்தப் பத்துப் பேரில் சிலருக்கு அன்று காய்ச்சலாக இருந்திருக்கும், சிலர் கேள்வியைச் சரியாகப் படித்திருக்க மாட்டார்கள். எதுவுமே செய்யாமல் விட்டாலும் அடுத்த தேர்வில் அந்தக் குழுவின் சராசரி கொஞ்சம் ஏறும். கடைசியில் இருப்பவர்களை மட்டும் பொறுக்கியதால் வரும் ஏற்றம் அது. உங்கள் பயிற்சிக்கு அதில் பங்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

ரெக்கார்டில் எண் இருக்கட்டும். கூடவே நாலைந்து பிள்ளைகளின் நோட்டுப் பக்கங்களைப் பெயர் மறைத்து ஒட்டுங்கள். கேள்வி கேட்கிற தேர்வாளர் எண்ணைவிட அந்தப் பக்கங்களில்தான் அதிக நேரம் நிற்பார்.

மற்றவர்கள் செய்த ஆராய்ச்சிகளால் பயிற்சி ஆசிரியருக்குப் பயன் உண்டா?

உண்டு, நம் வகுப்பில் சோதித்துப் பார்க்கும் வகையில் எடுத்துக்கொண்டால்.

மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளரின் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று அமெரிக்கத் தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளில் அவர் அளந்தார். சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடியாவது ஆக்கியபோது பதில்கள் நீண்டன, பதிலே வராத இடங்கள் குறைந்தன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். இது 1970களில் வெளியான ஆய்வு. இதைச் சோதிக்க கைப்பேசியில் குரல் பதிவு போதும், அதுவும் உங்கள் குரலுக்காக மட்டும். மூன்று விநாடி என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். நாற்பது பிள்ளைகள் முன்னால் மௌனமாக நின்று பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும்.

வகுப்பறைப் பேச்சைக் கவனித்துக் குறிக்க பிளாண்டர்ஸ் என்ற ஆய்வாளர் வகுத்த முறை பற்றிப் படித்திருப்பீர்கள். மூன்று விநாடிக்கு ஒரு முறை வகுப்பில் என்ன நடக்கிறது என்று பத்து வகையில் ஒன்றாகக் குறிப்பது. ஆசிரியர் பேச்சுக்கு ஏழு வகை, மாணவர் பேச்சுக்கு இரண்டு, மௌனமோ குழப்பமோ ஒன்று. தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். பத்து வகையும் வேண்டாம். ‘ஆசிரியர் பேசுகிறார், பிள்ளை பேசுகிறது, யாரும் பேசவில்லை’ என்று மூன்றாகச் சுருக்கி, பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சக பயிற்சி ஆசிரியர் பத்து நிமிடம் குறித்துக் கொடுத்தால் போதும்.

நான் மூத்த ஆசிரியர். பயிற்சிக்கு வருபவர்களுக்கு என்ன செய்ய வேண்டும்?

முதலில், அவர்களை ஆசிரியர் வராத வகுப்புக்கு அனுப்பும் ஆளாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். பள்ளிகளில் ஆள் பற்றாக்குறை இருப்பது தெரிந்ததுதான். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

வகுப்பைப் பார்க்க உட்காரும்போது மதிப்பெண் தாளோடு உட்காராமல், ‘இன்னைக்கு நான் எதைப் பாக்கணும்?’ என்று அவரிடமே கேளுங்கள். ‘சார், நான் எல்லாரையும் கேள்வி கேக்கறேனான்னு பாருங்க’ என்று சொன்னால், பெஞ்சுகளை வரைந்து, கேள்வி போன இடத்தில் எல்லாம் ஒரு கோடு போடுங்கள். வகுப்பு முடிந்ததும் ‘நீங்க பின்னாடி பெஞ்சைக் கவனிக்கவே இல்ல’ என்று தொடங்காதீர்கள். தாளை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள்.

‘என்ன சார், ஜன்னல் பக்கம் ஒரு கோடுகூட இல்லையே!’

‘ஏன் அப்படி ஆச்சுன்னு நினைக்கிறீங்க?’

‘போர்டுல எழுதிட்டுத் திரும்பறப்ப எப்பவும் வலது பக்கமாத்தான் திரும்பறேன் போல.’

இப்படி அவரே கண்டுபிடித்ததை மறுநாள் அவரே மாற்றுவார். நீங்கள் சொல்லியிருந்தால் விளக்கம்தான் வந்திருக்கும்.

இன்னொன்று, உங்கள் வகுப்பையும் அவர்கள் அதே மாதிரி பார்க்கட்டும். இருபது வருட அனுபவம் உள்ளவரின் தாளிலும் ஜன்னல் பக்கம் காலியாக இருக்கலாம். ஜப்பானில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனிப்பார்கள். பிறகு எல்லோரும் அந்தப் பாடத்தைப் பற்றிப் பேசுவார்கள். தப்பு வந்தால் அது எல்லோரும் சேர்ந்து போட்ட பாடத்தின் தப்பு, நடத்தியவருடையது இல்லை. நம் பள்ளிகளில் மாதம் ஒன்று செய்தாலே பெரிய விஷயம்.

இன்டர்ன்ஷிப் காலத்துக்குள் முடிக்க முடியுமா?

முடியும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைப்படி ஈராண்டு பி.எட்.டில் பள்ளிப் பயிற்சி குறைந்தது 20 வாரம்: முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. முதலாண்டின் நான்கு வாரத்தில் கவனிப்பதோடு நிறுத்திக்கொண்டு, எந்தக் கேள்வி என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள். இரண்டாமாண்டில் முதல் இரண்டு வாரம் வகுப்போடு பழகவும் தரவெடுக்கவும் போகட்டும். ஒரு மாற்றத்தை மூன்று, நான்கு வாரம் விடாமல் செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் நேரம் மிஞ்சும். அதில் இரண்டாவது சுற்று போங்கள். பலரும் விட்டுவிடுவது அந்த இரண்டாவது சுற்றைத்தான்.

மழை விடுமுறை வந்து எல்லாம் கலைந்துவிடுகிறதே?

கடலூரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை திட்டம் போடுகிறவர்கள் மழையையும் சேர்த்துத்தான் போட வேண்டும். கெடிலமும் பெண்ணையாறும் நம் ரெக்கார்டு தேதியைப் பார்த்து ஓடுவதில்லை.

விடுமுறையைவிடப் பெரிய சிக்கல் அதற்குப் பின் வரும் வருகைக் குறைவு. முன்தேர்வில் 34 பேர், பின்தேர்வில் 27 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வராத ஏழு பேர் யார்? வெள்ளம் புகுந்த தெருப் பிள்ளைகளாக இருக்கலாம், வீட்டில் வேலைக்கு நிறுத்தப்பட்டவர்களாக இருக்கலாம். பெரும்பாலும் ஏற்கெனவே பின்தங்கியவர்கள்தான். அவர்கள் இல்லாமல் சராசரி எடுத்தால் வகுப்பு முன்னேறியதாகத் தெரியும். இரண்டு தேர்வும் எழுதியவர்களை மட்டும் ஒப்பிடுங்கள். வராதவர்கள் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுதுங்கள். சில சமயம் அந்தப் பத்திதான் ரெக்கார்டிலேயே உருப்படியான பகுதியாக இருக்கும்.

புதுச்சேரிப் பள்ளிகளுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டதால் பாடப்புத்தகம் வேறு, கேள்வி கேட்கும் விதம் வேறு. பாகூர் பக்கம் எல்லை தாண்டிப் படிக்கும் பிள்ளைகள் உண்டு. அங்கே ‘போன வருடம் எந்தப் புத்தகம் படித்தாய்?’ என்பதையே முதல் தரவாக எடுக்கலாம்.

ரெடிமேட் ரெக்கார்டு கிடைக்கிறதே, வாங்கிக்கொள்ளலாமா?

வேண்டாம். அதில் உள்ள பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இல்லை.

பிள்ளைகளின் பெயர், போட்டோ போடலாமா?

தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நோட்டுப் பக்கமோ போட்டோவோ பள்ளிக்கு வெளியே போகப்போகிறது என்றால் பெற்றோரிடமும் கேளுங்கள். 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதவர்கள் விஷயத்தில் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. ரெக்கார்டில் பெயருக்குப் பதில் மா1, மா2 என்று எழுதலாம். பெயரை மாற்றிவிட்டு, ‘அப்பா இல்லாத, படகுத்துறை பக்கத்து வீட்டுப் பையன்’ என்று எழுதினால் மறைத்ததில் அர்த்தமில்லை. அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வாசிக்கத் திணறும் பிள்ளையின் வீடியோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பதை எந்த நோக்கத்துக்காகவும் செய்யக் கூடாது.

செய்து பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. ரெக்கார்டில் என்ன எழுதுவது?

மாறவில்லை என்று எழுதுங்கள். கூடவே எதை எதிர்பார்த்தீர்கள், எதைப் பார்த்தீர்கள், இப்போது காரணம் என்னவென்று நினைக்கிறீர்கள் என்று மூன்றையும் எழுதுங்கள். உதாரணமாக, குழுவாக உட்கார வைத்தும் பிள்ளைகள் பேசவில்லை. கவனித்தால், குழுவுக்கு ஒரு தாள்தான் கொடுத்திருக்கிறீர்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளை எழுத, மற்றவர்கள் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். அடுத்த சுற்றில் ஆளுக்கொரு தாள். வாய்மொழித் தேர்வில் இதைச் சொல்ல முடிந்தவர் வகுப்பில் நிஜமாகவே நின்றிருக்கிறார் என்று தேர்வாளருக்குத் தெரியும். மதிப்பெண் குறைக்கும் தேர்வாளரும் இருக்கலாம், மறுக்கவில்லை. அதற்காகப் பொய் எண் எழுதுவது வேறு விஷயம்.

உதவிக்கு யாரிடம் போவது?

கடலூர் மாவட்டத்துக்கு வடலூரில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. புதுச்சேரிக்கு லாஸ்பேட்டையில் இருக்கிறது. வேலையில் இருக்கும் புது ஆசிரியர்களுக்குக் குறுவள மையக் கூட்டம் இன்னும் பக்கம். சுற்றுவட்டாரத்தில் அதே வகுப்பு எடுப்பவர்கள் ஒரே அறையில் உட்காரும் நாள் அது. கருத்தாளர் பேசி முடித்த பிறகு பத்து நிமிடம் கேட்டு வாங்கி, உங்கள் பிழைத்தாளையோ பெஞ்சுப் படத்தையோ நடுவில் வையுங்கள். ‘எங்க கிளாஸ்ல இப்படி வருது, உங்க கிளாஸ்ல எப்படி?’ என்று கேட்டால் போதும், டீ வருவதற்குள் நாலு பேராவது தங்கள் நோட்டுகளை எடுத்துவிடுவார்கள்.